பத்தொன்பது நடப்பு: பழைய நினைவுக்கல்லைப் படிக்கும் முறை

சென்னையில் ஓர் அச்சகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் புரூஃப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மூத்தவர் ஒருவர் சொன்னார்: “இருப்பதைப் படியம்மா, இருக்க வேண்டியதைப் படிக்காதே.” ஓய்வு பெற்றபின் அந்தப் பழக்கத்தைத் தேவாலயங்களின் நினைவுக்கற்களிடம் கொண்டுபோனேன். முக்கியமாக, இளம் வயதில் இறந்த பெண்களின் கற்களிடம். என் தங்கையும் அப்படிப் போனவள்தான். அவளுடைய கல்லைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

என் அண்ணன் மகள் லண்டனில் வேலை பார்க்கிறாள். ஒரு விடுமுறை நாளில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் புனித எட்மண்ட் சிற்றாலயத்துக்குப் போனவள், அங்கிருந்த ஒரு நினைவுச்சின்னத்தைப் பற்றி எனக்கு எழுதினாள். “அத்தை, பத்தொன்பது வயதுப் பெண். பெயர் ஜேன் சீமோர். எட்டாம் ஹென்றியின் ராணியும் இதே பெயர்தானே, இவள்தான் அவளா?” என்று கேட்டிருந்தாள். இல்லை. இவள் அந்த ராணியின் அண்ணன் மகள். சோமர்செட் பிரபு எட்வர்ட் சீமோருக்குப் பிறந்தவள், முதலாம் எலிசபெத் ராணியின் அரண்மனையில் தோழிப்பெண்ணாக இருந்தவள், 1561 மார்ச் 19 அன்று இறந்தவள். அத்தை பெயரை மருமகளுக்கு வைப்பது நம் வீடுகளிலும் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி ஆளை முடிவு செய்யக்கூடாது என்பதே இந்த வேலையின் முதல் பாடம். அந்த ஒரு பெண்ணுக்காக நான் கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். லண்டனுக்குப் போகிறவர்களுக்கு இது உதவும். போகாதவர்கள் சென்னையிலேயே பழகிக்கொள்ளலாம்.

முதலில் காலத்தை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். டியூடர் காலம் என்பது டியூடர் அரச மரபு இங்கிலாந்தை ஆண்ட 1485 முதல் 1603 வரை. சென்னை என்ற பெயரில் ஆங்கிலேயர் ஊர் எதுவும் அப்போது இல்லை. ஆனால் மயிலாப்பூர்ப் பக்கம் போர்த்துக்கீசியர் வந்துவிட்டார்கள். லஸ் மாதா கோயிலில் 1516 என்ற ஆண்டைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. அது ஹென்றியின் ஆட்சிக்காலம். பரங்கிமலையில் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்துள்ள கற்சிலுவை 1547-இல் வெளிப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில்தான் ஹென்றி இறந்தான். இப்படி நம் ஊர் ஆண்டுகளோடு முடிச்சுப் போட்டுக்கொண்டால் அந்தக் காலம் கைக்கு எட்டிவிடும்.

பயிற்சிக்கு ஏற்ற இடம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயம். 1680 அக்டோபர் 28 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. அதன் வெளிமுற்றத்தில் தரை முழுவதும் கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. கோட்டைத் தலைவராக இருந்த ஆரோன் பேக்கரின் மனைவி எலிசபெத்தின் கல் 1652-ஐச் சேர்ந்தது. டியூடர் காலம் முடிந்து ஐம்பது ஆண்டுகூட ஆகாத நேரம் அது. எழுத்தின் பழக்கமும் ஆண்டுக் கணக்கும் அப்போது பெரிதாக மாறிவிடவில்லை. கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். தலைமைச் செயலகமும் ராணுவமும் இருக்கும் வளாகம் என்பதால் அடையாள அட்டையை மறக்க வேண்டாம். படம் எடுக்கும் முன் ஆலயத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அந்த முற்றத்தில் ஒன்றைத் தெரிந்துகொண்டு நிற்க வேண்டும். அந்தக் கற்களின் கீழே யாரும் இல்லை. பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. 1758 டிசம்பரில் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அங்கிருந்த உயரமான கல்லறைகள் எதிரிக்கு மறைவிடமாகிவிட்டன. முற்றுகை விலகியதும் கல்லறைக் கட்டடங்களை இடித்து, பெயர் பொறித்த கற்களை மட்டும் ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். கல் ஓரிடம், ஆள் ஓரிடம். எந்த நினைவுக்கல்லின் முன் நின்றாலும் “இது முதலிலிருந்தே இங்கே இருந்ததா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, வெளிச்சம். இதை மட்டும் சரியாகச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. உச்சி வெயிலில் தேய்ந்த கல் வெறும் பலகையாகத் தெரியும். காலையில் வெயில் ஏறுமுன்னோ மாலை நான்கரைக்கு மேலோ போங்கள். சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஒவ்வோர் எழுத்தும் தன் பள்ளத்தில் நிழலைத் தேக்கிவைத்துக்கொள்ளும். உள்சுவரில் இருக்கும் கல் என்றால் டார்ச்சைக் கல்லின் ஓரத்தில், வெளிச்சம் கல்லின் முகத்தை உரசிப் போகும்படி சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடிக்காதீர்கள். இடமிருந்து ஒரு முறை, மேலிருந்து ஒரு முறை என்று வெளிச்சத்தின் திசையை மாற்றிப் பாருங்கள். ஒரு பக்கத்து வெளிச்சத்தில் ஆங்கில ‘சி’ போலத் தெரிந்த எழுத்து, மறு பக்கத்து வெளிச்சத்தில் ‘ஜி’ ஆகிவிடும்.

எழுத்து துலங்கட்டும் என்று மாவு, சுண்ணாம்பு, எண்ணெய், சாக்பீஸ் தூள் எதையும் கல்லில் தடவாதீர்கள். நல்ல எண்ணத்தோடு செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நெஞ்சு பதறுகிறது. தூள் பள்ளத்தில் தங்கிவிடும், எண்ணெய் கல்லுக்குள் இறங்கிக் கறையாகிவிடும். இங்கிலாந்தின் பழைய கோயில்களில் பித்தளைத் தகட்டில் வெட்டிய உருவங்கள் உண்டு. அவற்றின் மேல் தாளை விரித்து, கறுப்பு மெழுகுக் கட்டியால் தேய்த்துப் படி எடுப்பார்கள். நம் கல்வெட்டுத் துறையினர் மைப்படி எடுப்பதற்கு உறவுக்காரக் கலைதான் அது. ஆனால் அனுமதி இல்லாமல் அதையும் செய்யக்கூடாது. நமக்கு நோட்டுப் புத்தகம், மென்மையான பென்சில், டேப், டார்ச் இவை போதும்.

பிரதி எடுக்கும்போது கல்லில் வரி எங்கே முறிகிறதோ அங்கே நீங்களும் முறியுங்கள். சொல் பாதியில் உடைந்திருந்தால் உடைந்தபடியே எழுதுங்கள். தெரியாத எழுத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். மூன்று எழுத்து மறைந்திருந்தால் மூன்று புள்ளி. ஊகித்ததைப் பகர அடைப்புக்குள் எழுதுங்கள். எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் திருத்தாதீர்கள். எனக்கே இதுதான் மிகக் கடினமாக இருந்தது, கை தானாகவே திருத்தப் போகும். டியூடர் ஆங்கிலத்தில் ஒரே கல்லில் ஒரே சொல்லை இரண்டு விதமாக வெட்டியிருப்பார்கள். அது பிழை இல்லை. எழுத்துக்கூட்டல் இன்னும் உறையாத காலம்.

எழுத்துகளில் சில பொறிகள் உண்டு. பெரிய எழுத்தில் வெட்டிய கல்லில் ‘வி’ இருக்கும் இடத்தில் பலமுறை ‘யு’ என்று படிக்க வேண்டும். ‘ஐ’ எழுத்து ‘ஜே’-க்கும் நிற்கும். சிறிய எழுத்தில் நீண்ட ‘எஸ்’ ஒன்று ‘எஃப்’ போலவே தோன்றி ஏமாற்றும். எழுத்தின் தலைமேல் ஒரு கோடு இருந்தால் அங்கே ‘எம்’ அல்லது ‘என்’ விழுங்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ‘ஒய்’ எழுத்தின் மேல் குட்டியாக ‘இ’ இருந்தால் அது ‘தி’ என்ற சாதாரணச் சுட்டுச்சொல்தான். பழைய எழுத்து ஒன்று வழக்கொழிந்தபின் அதன் இடத்தில் ‘ஒய்’ வந்து உட்கார்ந்துகொண்டது.

லத்தீன் தெரியாதே என்று தயங்க வேண்டாம். பத்துச் சொல் போதும். ‘ஹிக் யாச்செட்’ என்றால் ‘இங்கே கிடக்கிறார்’. ‘ஓபியிட்’ என்றால் இறந்தார். ‘ஃபிலியா’ மகள், ‘உக்ஸோர்’ மனைவி, ‘ஸோரோர்’ சகோதரி, ‘ஃப்ராட்டெர்’ சகோதரன். ‘விர்கோ’ மணமாகாதவள். ‘போசுயிட்’ என்ற சொல்லைப் பார்த்தால் அதற்கு முன்னே தேடுங்கள், கல்லை நட்டவர் பெயர் அங்கே இருக்கும். ‘ஓராத்தே ப்ரோ அனிமா’ என்று தொடங்கினால் ‘ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்’ என்று பொருள். இது பழைய கத்தோலிக்க வழக்கம். இங்கிலாந்துத் திருச்சபை கத்தோலிக்கத்தை விட்டு விலகிய சீர்திருத்தக் காலத்தில் இந்தச் சொற்களை மட்டும் குறிவைத்துச் சுரண்டி எடுத்த கற்களும் தகடுகளும் இங்கிலாந்தில் ஏராளம். நினைவுச்சின்னங்களை உடைக்கக்கூடாது என்று 1560-இல் எலிசபெத் ராணியே ஆணை பிறப்பிக்க வேண்டியதாயிற்று. ஆகவே சுரண்டிய வெற்றிடத்தைக் கண்டால் அதையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலக் கல்லில் ‘மிஸ்ட்ரஸ்’ என்ற அடைமொழி இருந்தால் மணமானவள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்நாளில் மணமாகாத உயர்குடிப் பெண்ணுக்கும் அதே மரியாதைச் சொல்தான்.

ஆண்டுக் கணக்கு பலரைத் தடுக்கி விழவைக்கும் இடம். தமிழருக்கு அது கடினமாக இருக்கக்கூடாது. நம் வீட்டுச் சுவரில் ஜனவரி காலண்டரும் தொங்குகிறது, சித்திரையில் வருடம் பிறக்கும் பஞ்சாங்கமும் இருக்கிறது. மார்ச் மாதம் பஞ்சாங்கத்தைத் திறந்தால் இன்னும் பழைய வருடத்தின் பெயரே ஓடிக்கொண்டிருக்கும். டியூடர் இங்கிலாந்திலும் அப்படித்தான். சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. ஆகவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை இறந்தவர்களுக்கு நம் கணக்கைவிட ஓர் ஆண்டு குறைவாகவே எழுதுவார்கள். ஜேன் சீமோர் இறந்த மார்ச் 19, நமக்கு 1561. அவளோடு வாழ்ந்தவர்களுக்கு அது 1560, புத்தாண்டு பிறக்க இன்னும் ஆறு நாள் பாக்கி. இது தெரியாமல் இரண்டு நூல்களில் இரண்டு ஆண்டைப் பார்த்தால் ஒன்று தவறு என்று அடித்துவிடுவோம். இரண்டுமே சரி. மூன்றாவது கணக்கும் உண்டு, ஆட்சியாண்டு. எலிசபெத் 1558 நவம்பர் 17 அன்று பட்டத்துக்கு வந்தாள். அந்தக் கணக்கில் ஜேன் இறந்தது மூன்றாம் ஆண்டு. சோழர் கல்வெட்டில் ‘யாண்டு’ என்று படித்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இங்கிலாந்து 1752-இல்தான் ஜனவரிப் புத்தாண்டுக்கு மாறியது. அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. கோட்டை ஆலயக் கற்களில் 1752-க்கு முற்பட்டவை எல்லாவற்றுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். நோட்டில் கல்லின் ஆண்டை அப்படியே எழுதிவிட்டு, உங்கள் கணக்கைப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள்.

வயதுக்கு வருகிறேன். ‘எட்டாட்டிஸ் சுவே’ என்று எழுதி ஓர் எண் இருந்தால் ‘தம் வயதின் இத்தனையாவது ஆண்டில்’ என்று பொருள். 19 என்றால் பதினெட்டு முடிந்து பத்தொன்பது ஓடிக்கொண்டிருக்கிறது. ஜாதகக்காரர்கள் ‘பத்தொன்பது நடப்பு’ என்பார்களே, அதேதான். முடிந்த வயதையே அப்படி எழுதியவர்களும் உண்டு என்பதால், ஞானஸ்நானப் பதிவு கிடைக்கும்வரை பிறந்த ஆண்டை ஓர் ஆண்டு முன்பின்னாக வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சிறிய விஷயம் என்று நினைக்காதீர்கள். என் தங்கை 1974-இல் மஞ்சள் காமாலையில் இறந்தாள். கல் வெட்ட வந்தவர் வயதைக் கேட்டபோது அப்பா “பத்தொன்பது” என்றார். அவளுக்குப் பதினெட்டுதான் முடிந்திருந்தது. இல்லாத சில மாதங்களையும் அவளுக்குக் கொடுத்துவிட அப்பா நினைத்தாரோ என்னவோ, அவரிடம் நான் கேட்கவில்லை.

உருவம் இருந்தால் எழுத்தை முடித்துவிட்டு உருவத்துக்குப் போங்கள். இங்கே நம் கண் நம்மை ஏமாற்றும். அவிழ்ந்து தொங்கும் கூந்தலைக் கண்டால் நாம் துக்கம் என்று படிப்போம். தலைவிரி கோலம் நமக்கு இழவின் அடையாளம், கண்ணகியின் கோலம். டியூடர் பித்தளைத் தகடுகளில் தோளுக்குக் கீழே அவிழ்த்துவிட்ட கூந்தல் கன்னிப்பெண்ணின் அடையாளம். மணமானவள் தலையை மூடியிருப்பாள். துணியில் இறுகச் சுற்றிய குழந்தை பக்கத்தில் இருந்தால் பிரசவத்தில் போன தாயாக இருக்கலாம். அடியில் வரிசையாக மண்டியிட்ட பிள்ளைகளில் யார் கையிலாவது மண்டையோடு இருந்தால், அந்தப் பிள்ளை கல் நடுவதற்கு முன்பே இறந்துவிட்டது. குலச்சின்னம் சாய்சதுரக் கட்டத்துக்குள் இருந்தால் பெண்ணுக்குரியது. கேடயம் நெடுக்காகப் பிளந்திருந்தால் நம் இடக்கைப் பக்கம் கணவன் குலம், வலக்கைப் பக்கம் அவள் பிறந்த குலம். அதற்கு மேல் சின்னங்களுக்குள் இறங்கினால் நாள் போய்விடும். வரைந்துகொண்டு வந்து வீட்டில் பார்க்கலாம்.

யார் இந்தக் கல்லை நட்டார்கள்? நம் தெருமுனைக் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பாருங்கள். போனவரின் படம் மேலே, இருப்பவர்களின் பெயர்கள் கீழே. சில போஸ்டர்களில் கீழே உள்ளவர்களின் எழுத்தே பெரிதாக இருக்கும். டியூடர் நினைவுக்கல்லும் இருப்பவர்கள் எழுதியதுதான். ஜேனுக்கு எழுப்பியவன் அவளுடைய அண்ணன், ஹெர்ட்ஃபோர்ட் பிரபு எட்வர்ட். அவள் யாருடைய மகள் என்பதை அதிலிருந்து அறிகிறோம். அவள் என்ன செய்தாள் என்பதைத் தேடித்தான் அறிய வேண்டும். ஆகவே நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு பக்கத்தில் கல் சொல்வது. எதிர்ப்பக்கத்தில், வேறு ஆவணங்களிலிருந்து அவளைப் பற்றித் தெரிவது.

ஜேனுக்கு அந்த எதிர்ப்பக்கம் நிரம்பி வழிகிறது. பத்து வயதை ஒட்டிய பருவத்திலேயே, சகோதரிகள் ஆனோடும் மார்கரெட்டோடும் சேர்ந்து நவார் நாட்டு ராணி மார்கரெட்டின் மறைவுக்கு லத்தீனில் நூறு ஈரடிகள் பாடினாள். அவை 1550-இல் பாரிசில் அச்சேறின. அச்சகத்தில் வாழ்ந்த எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. பிறகு 1560-இன் இறுதியில் ஒரு ரகசியத் திருமணம். மணமகன் அண்ணன் எட்வர்ட். மணமகள் ஜேனின் உயிர்த்தோழி கேத்ரின் கிரே. அரச வாரிசு வரிசையில் நின்ற அவள் ராணியின் சம்மதமின்றி மணம் செய்யக்கூடாதவள். ராணி எல்டமுக்கு வேட்டைக்குப் போயிருந்த நாளில் இரண்டு தோழிகளும் அரண்மனையை விட்டு இறங்கி, தேம்ஸ் ஆற்றோரமாக நடந்து, எட்வர்டின் வீட்டுக்குப் போனார்கள். பாதிரியாரைத் தேடி அழைத்துவந்தவள் ஜேன். சாட்சி அவள் ஒருத்திதான். சில மாதங்களில் அவள் இறந்துவிட்டாள். கேத்ரின் கருவுற்றது வெளியே தெரிந்து விசாரணை வந்தபோது அந்தப் பாதிரியாரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, சாட்சியும் உயிரோடு இல்லை. மணமக்கள் இருவரும் லண்டன் கோபுரச் சிறையில் அடைபட்டார்கள், 1562-இல் திருமணமே செல்லாது என்று தீர்ப்பானது. ஒரு குடும்பத்தின் தலைவிதி, பத்தொன்பது வயதுப் பெண்ணின் நாவில் இருந்திருக்கிறது. கேத்ரினின் தாய் ஃபிரான்சிஸும் அதே சிற்றாலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறாள். லண்டனில் இருக்கும் என் அண்ணன் மகளிடம் இதைச் சொன்னபோது அவள் மறுபடியும் போய், அந்த இரண்டு சின்னங்களுக்கும் நடுவே நின்றுவிட்டு வந்தாள்.

தேடுவது வேறு, கதை கட்டுவது வேறு. அதே சிற்றாலயத்தில் எலிசபெத் ரஸ்ஸல் என்ற இளம்பெண்ணின் சிலை இருக்கிறது. இவளும் ராணியின் தோழிப்பெண். அவளுடைய தங்கை ஆன் எழுப்பிய சின்னம். நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்ணயர்ந்திருக்கிறாள், காலடியில் மண்டையோடு, அதைச் சுட்டும் விரல். பிற்காலத்தவர் அந்த விரலைப் பார்த்து, தையல் ஊசி குத்தி ரத்தம் நிற்காமல் இறந்தாள் என்று கதை கட்டிவிட்டார்கள். விரல் சுட்டுவது மரணத்தை. அவள் இறந்தது காசநோயில். அங்கே பொறித்திருப்பது ‘தோர்மித், நோன் மோர்த்துவா எஸ்த்’: இறக்கவில்லை, தூங்குகிறாள். யவீருவின் மகளைப் பற்றி மாற்கு சுவிசேஷம் சொல்லும் “பிள்ளை மரிக்கவில்லை, நித்திரையாயிருக்கிறாள்” என்ற வசனத்தின் எதிரொலி அது. கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்’ என்று எத்தனை கற்களில் படித்திருக்கிறோம். சொற்றொடரைப் புரிந்துகொள்ள அகராதி தேவைப்படாத இடம் இது ஒன்றுதான்.

என் தங்கையின் கல்லும் கீழ்ப்பாக்கத்தில்தான் இருக்கிறது. அதில் ‘மகள்’ என்ற சொல்லில் ‘ள’வுக்கு மேல் புள்ளி இல்லை. எழுத்துப் பிழை பார்ப்பதே தொழிலாக இருந்தவளுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். வெட்டியவர் அவசரத்தில் விட்டுவிட்டார் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவரை மனத்துக்குள் நொந்துகொண்டே இருந்தேன். கோட்டையில் பழகியபின் ஒரு மாலை டார்ச்சோடு அங்கே போனேன். கல்லின் வலப்பக்கத்திலிருந்து வெளிச்சத்தைச் சாய்த்தபோது, ‘ள’வின் தலைக்கு மேல் கடுகளவு ஒரு பள்ளம் நிழல் பிடித்தது. புள்ளியை அவர் வைத்திருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு முன் ஆண்டுதோறும் நாங்கள் அடித்த சுண்ணாம்புதான் அதை மூடியிருக்கிறது. அன்று நோட்டில் அந்தக் கல்லை வரிவரியாகப் பிரதி எடுத்தேன், புள்ளியோடு. அந்த ஆண்டு முதல் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பதில்லை. உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துவிட்டுப் பூ மட்டும் வைக்கிறோம்.